ஐந்தாவது முடிந்தது, இனி எங்கே? மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, "இனிமே எங்கிட்டு சார் சேக்குறது?" என்று கேட்கும் அப்பா அம்மாவோடு வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருப்பேன். இப்போது செல்லூரில் என் வீட்டுத் திண்ணைக்கு அதே கேள்விகள் வருகின்றன. ஒன்பதாவது, பதினொன்றாவது சேர்க்கைக்கும் ஆட்கள் வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் வைத்திருக்கிறேன்.

ஆறாவதுக்கு எங்கயாவது ஒரே எடத்துல அப்ளிகேஷன் போட்டா, கவர்மென்ட்டே ஸ்கூல் ஒதுக்கிக் குடுத்துருமா சார்?

இல்லை. கல்லூரிக்கு கவுன்சலிங் நடக்கிற மாதிரி ஆறாம் வகுப்புக்கு எதுவும் கிடையாது. அரசுப் பள்ளியோ, உதவிபெறும் பள்ளியோ, மெட்ரிக் பள்ளியோ, ஒவ்வொரு பள்ளியும் தானேதான் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் நேரில் போய்க் கேட்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் கிடைப்பது, ஆர்.டி.இ. என்கிற கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு மட்டும்தான். அது ஆறாம் வகுப்புக்குப் பொருந்தாது; ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டு வந்த அதே கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "சீட் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று போன வருடம் விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து நின்றார். விசாரித்தால், அவர் இங்கிலீஷ் மீடியம் என்று கேட்டிருக்கிறார், அந்தப் பிரிவு நிரம்பியிருக்கிறது. தமிழ் வழிப் பிரிவில் இடம் இருந்தது. ஜன்னலுக்குள் இருந்தவர் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இல்லை என்று சொன்னால், "எந்தப் பிரிவில் இல்லை?" என்று அங்கேயே நின்று கேளுங்கள்.

எப்ப போகணும்? ஜூன்ல ஸ்கூல் தெறந்ததும் போனாப் போதாதா?

அரசுப் பள்ளிக்கு ஜூனிலும் போகலாம், அதற்குப் பிறகும் போகலாம். ஆனால் அரசுப் பள்ளிகளே இப்போது முன்கூட்டித் தொடங்கிவிடுகின்றன. 2025இல் மார்ச் 1ஆம் தேதியே சேர்க்கையைத் தொடங்கினார்கள்.

பெயர்பெற்ற உதவிபெறும் பள்ளிகளின் கதை வேறு. நம் ஊரில் பலர் சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் மலைக்குத் திரும்பட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள் விண்ணப்பம் கொடுத்து வாங்கியே முடித்திருப்பார்கள். பங்குனி மாதத்திலேயே பள்ளி வாசலுக்குப் போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்படி ஒரு பள்ளியில் முயற்சி செய்தாலும், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

என்னென்ன பேப்பர் கொண்டு போகணும்?

மாற்றுச் சான்றிதழ் என்கிற டி.சி., ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், புகைப்படம், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அந்தப் புத்தகத்தின் நகல். பிறப்புச் சான்றிதழையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த ஒப்புகைச் சீட்டோடு போங்கள். அது வரவில்லை என்று ஆறாம் வகுப்புச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. வயதுக்குச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது.

தயவுசெய்து டி.சி.யையும் மற்ற அசல்களையும் லேமினேஷன் போடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசையாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தாத்தா பேரனின் டி.சி.யை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார், கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதைப் புதுப் பள்ளியில் ஃபைலில் கோக்கவும் முடியாது, அதன் மேல் முத்திரை வைக்கவும் முடியாது. ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

டி.சி. குடுத்தும் "காமன் பூல்ல வரல"ன்னு திருப்பி அனுப்புறாய்ங்களே, அது என்னது?

எமிஸ் என்று பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஓர் எண் உண்டு, டி.சி.யில் பார்க்கலாம். பழைய பள்ளி அந்தப் பிள்ளையைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவித்ததும் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். அதைத்தான் காமன் பூல் என்கிறார்கள். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் வகுப்பில் சேர்க்கும். காகிதம் கைக்கு வந்தும் கணினியில் விடுவிக்காமல் இருந்தால் இந்தச் சிக்கல் வரும்.

பழைய பள்ளிக்குப் போய், "எமிஸ்ல ரிலீஸ் பண்ணி விடுங்க" என்று கேட்டால் சில நிமிட வேலைதான். அதுவரை பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பெயர் ஏறவில்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

கவர்மென்ட், கார்ப்பரேஷன், எய்டட், மெட்ரிக்: எல்லாம் ஒண்ணுதானே? வாத்தியார் நல்லா சொல்லிக் குடுத்தாப் போதாதா?

சொல்லிக்கொடுப்பது முக்கியம்தான். ஆனால் பன்னிரண்டாவது முடிக்கும்போது எந்தச் சலுகை யாருக்கு என்பதை இந்த வகைப்பாடுதான் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறை நடத்துவது மட்டும் இல்லை. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். கள்ளர் பள்ளியில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேரலாம். "நாங்க வேற ஆளுக, சேப்பாங்களா" என்று தயங்க வேண்டாம். மதுரை மாநகராட்சியின் பெண்கள் பள்ளிகளுக்கு வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைப்பாடினியார், அவ்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நால்வரும் சங்கப் பெண்புலவர்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லும் ஊரில், ஒரு கூலித் தொழிலாளியின் மகள் அந்தப் பெயரை நெஞ்சில் பேட்ஜாகக் குத்திக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உதவிபெறும் பள்ளியை ஒரு நிர்வாகம் நடத்தும், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். பாரதியார் 1904இல் தமிழாசிரியராக வேலை பார்த்த சேதுபதி பள்ளி இந்த வகைதான். இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் உதவிபெறும் பிரிவும் இருக்கலாம், சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். சீருடை ஒன்று, மணி ஒன்று, கட்டணம் வேறு. "எய்டட் ஸ்கூல்ல சேத்தேன், பீஸ் கேக்குறாங்க" என்று வருபவர்களின் பிள்ளை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். சேர்க்கும் முன் "இது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மெட்ரிக் பள்ளிகளும், கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகள் தவிர மற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் தனியார்தான். கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்.

காலைச் சாப்பாடு ஆறாவதுலயும் உண்டா சார்?

இல்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரைக்கும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து மதியச் சத்துணவு மட்டும். விடிந்ததும் வேலைக்குப் போய்விடும் தாய்மார்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முதல் வாரத்தில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாவது சேக்க பரீட்சை வைக்கிறாய்ங்க. அப்பா அம்மாவையும் உக்கார வச்சுக் கேள்வி கேக்குறாய்ங்க. இது சரியா?

சரியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளைக்கும் தேர்வு வைக்கக் கூடாது, பெற்றோரையும் வடிகட்டக் கூடாது, நன்கொடையும் வாங்கக் கூடாது என்கிறது. தேர்வு வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை.

ஒரு சிக்கல் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மதுரையின் பழைய உதவிபெறும் பள்ளிகளில் பல, மதச் சிறுபான்மை அல்லது மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள். ஆகவே புகார் கொடுக்கும் முன் அந்தப் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.இ.ல ஆறாவதுக்குப் போட முடியுமா? ஒண்ணாவதுல விட்டுட்டோம்.

முடியாது. அந்த 25 சதவீத இடம் ஒரு தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் மட்டும், அதாவது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில். சிறுபான்மைப் பள்ளிகளில் இந்த இடங்களும் கிடையாது.

ஏற்கெனவே ஆர்.டி.இ.யில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாவதிலிருந்து முழுக் கட்டணம் கேட்பார்கள். இது தெரியாமல் ஜூன் மாதம் நகையோடு அடகுக் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போதே முடிவெடுங்கள். ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறினால் உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கிறது, 7.5 சதவீதக் கேள்வியில் சொல்கிறேன்.

பீஸ் பாக்கி இருக்குன்னு டி.சி. தரமாட்டேங்கிறாய்ங்க. புள்ள ரெண்டு மாசமா வீட்ல இருக்கு.

முதலில் பிள்ளையை நாளையே அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பாக்கி விவகாரம் உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் உள்ள கணக்கு. பிள்ளையின் படிப்பை அதற்குப் பிணையாக வைக்க முடியாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொன்னது. சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது, கட்டணப் பாக்கி என்று டி.சி.யில் எழுதவும் கூடாது, பாக்கியைப் பள்ளி சட்டப்படி வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எமிஸில் விடுவிக்காமல் வைத்திருந்தால், புதுப் பள்ளித் தலைமை ஆசிரியரே மேலே எழுதிப் பேச முடியும்.

7.5 சதவீதம்னு சொல்றாங்களே, அது டாக்டருக்குப் படிக்கத்தானே? ஆறாவதுல எதுக்கு அதப் பத்திப் பேசணும்?

ஆறாவதில்தான் பேச வேண்டும். என்னிடம் வருகிறவர்களிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது; நீட் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. ஆர்.டி.இ.யில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. நல்லது இருக்கிறது என்று மேலே சொன்னது இதைத்தான்.

என்னிடம் ஐந்தாவது வரை படித்த ஒரு பெண். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று கடன் வாங்கி ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாவது சேர்த்தார். ஏழாவது முடிந்ததும் முடியவில்லை, எட்டாவதில் மாநகராட்சிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டாவதில் அவள் நல்ல மார்க். பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தெந்த வகுப்பு எந்தெந்தப் பள்ளி என்று வரிசையாகக் கேட்கும் இடத்தில் ஆறும் ஏழும் உதைத்தன. "ரெண்டே வருசம்தான சார்" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொது கவுன்சலிங்கில் அவளுக்கு இடம் கிடைத்தது, படித்தாள். ஆனால் கட்டணமில்லாமல் படித்திருக்க வேண்டியவள். ஐந்தாவது முடித்து அவள் டி.சி. வாங்க வந்த நாளில் இந்த ஒதுக்கீடே இல்லை. இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்குப் போக விட்டிருக்க மாட்டேன். இன்று டி.சி. வாங்குகிறவர்களுக்கு இருக்கிறது.

அந்த ஆயிரம் ரூபாயும் இப்படித்தானா?

ஏறக்குறைய. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு. இதில் உதவிபெறும் பள்ளிக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அங்கே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வும் நினைவிருக்கட்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும்.

இங்கிலீஷ் மீடியமா தமிழ் மீடியமா? நீங்களே சொல்லுங்க சார்.

நான் சொன்னால் தமிழ் வழி என்றுதான் சொல்வேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, ஆறாவதில் திடீரென்று இங்கிலீஷில் அறிவியல் படிக்கும்போது புரியாமல் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் தாண்டி வந்துவிடும், இல்லாவிட்டால் சிரமம்.

இன்னொன்று வேலை சம்பந்தமானது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டத்தை 2020இல் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆறாவதில் மாற்றினால் அந்தக் கதவு சாத்திவிடும். 7.5 சதவீதத்துக்கு மீடியம் தடை இல்லை. அரசுப் பள்ளியின் இங்கிலீஷ் மீடியப் பிரிவும் செல்லும். என் பேத்தி இங்கிலீஷ் மீடியம்தான் படிக்கிறாள். மகனும் மருமகளும் எடுத்த முடிவு, அவர்கள் தினமும் கூட உட்கார்ந்து படிக்க வைக்கிறார்கள்.

டி.சி.ல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்கு. பரவால்லையா?

இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள். பாண்டி என்பதற்கு ஒரு இடத்தில் ஒற்றை ஏ, இன்னொரு இடத்தில் இரட்டை ஏ. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். எமிஸில் எப்படி இருக்கிறதோ அப்படியே, நாமினல் ரோல் என்கிற பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலுக்குப் போய், மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிடும். அதற்குப் பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். ஆறாவதில் சேர்க்கும் அன்றே பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நவோதயா, கே.வி., சைனிக் ஸ்கூல் இதுக்கெல்லாம் முயற்சி பண்ணலாமா?

நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் இல்லை, வெளிமாநில விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிக் கோச்சிங் சேர்க்காதீர்கள். கேந்திரிய வித்யாலயா மதுரையில் நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. ஆறாவதில் காலியிடம் இருந்தால்தான். எம்.பி. சிபாரிசில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த ஒதுக்கீட்டை 2022இலேயே எடுத்துவிட்டார்கள். சைனிக் பள்ளி உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகரில். ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, பெண் பிள்ளைகளும் எழுதலாம்.

எட்டாவது முடிச்சதும் "டி.சி. வாங்கிக்கங்க, ஒங்க பையன் பத்தாவது தாங்க மாட்டான்"ங்கிறாய்ங்க.

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று, மெதுவாகப் படிக்கும் பிள்ளையை முன்கூட்டியே கழற்றிவிடப் பார்க்கிறார்கள். எட்டாவது முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு அதோடு முடிவதால்தான் சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறார்கள்.

நீங்கள் கேட்காமல் டி.சி. கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொடர்ந்து அங்கேயே படிக்க விரும்புகிறோம் என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள். அதே சமயம், வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் பையன் தினமும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் யோசியுங்கள். அப்படிக் கழற்றிவிடப்பட்டு அரசுப் பள்ளிக்கு வந்த பையன்களுக்கு, மாலையில் தனியாக உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

பதினொண்ணாவதுல நாம கேட்ட குரூப்பு எப்படிக் கிடைக்கும்? மார்க் மட்டும்தானா?

மார்க்கும் இட ஒதுக்கீடும். அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு குரூப்பின் இடங்களையும் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரிப்பார்கள்: பொது 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. ஆறாவதில் சாதிச் சான்றிதழ் இல்லாமல் சமாளிக்கலாம் என்றேன். இங்கே அது கையில் இருக்க வேண்டும். பத்தாவது ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

குரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர், நர்ஸ் என்றால் உயிரியல் வேண்டும். பொறியியல் என்றால் கணக்கு வேண்டும். பயோ-மேத்ஸ் இரண்டுக்கும் வழி வைக்கும், ஆனால் பாரம் அதிகம். கணக்கில் தடுமாறிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரருக்காக அதில் தள்ளாதீர்கள். காமர்ஸ் படித்து ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளி வைக்க வேண்டாம். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும்.

எங்க ஊர் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்ல. மதுரைக்கு வந்து சேக்கலாமா?

சேர்க்கலாம், எல்லை கிடையாது. பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் திருமங்கலத்தையும், மேற்குப் பக்கம் இருப்பவர்கள் உசிலம்பட்டியையும் முதலில் பாருங்கள். இலவச பஸ் பாஸ் உண்டு என்றாலும், தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால் பிள்ளை எப்போது படிக்கும்? கோச்சிங் நன்றாக இருக்கும் என்று இந்த இரண்டு வருடம் மட்டும் தனியாருக்கு மாற்ற நினைத்தால், 7.5 சதவீதப் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

பத்தாவதுல ஒரு சப்ஜெக்ட் போயிருச்சு. ஒரு வருசம் வீணா?

வீணாகாது. துணைத் தேர்வு அதே கோடையில் வந்துவிடும். தேறினால் அந்த வருடமே பதினொன்றாவதில் சேரலாம். தேறிய பிறகு ஐ.டி.ஐ. வேண்டுமென்றால் கோ.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. துணைத் தேர்வுக்குப் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு பள்ளிப் பக்கமே போகாமல் தேதியைத் தவறவிட்டவர்கள்தான் வருடத்தை இழக்கிறார்கள்.

எம் மகளுக்குக் காது சரியாக் கேக்காது. "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

அப்படி அனுப்பக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியும் அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். சேர்க்கும்போதே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலைக் கொடுத்து, எமிஸில் பதியச் சொல்லுங்கள். அப்போதுதான் பொதுத்தேர்வில் சலுகைகள் கேட்பது எளிதாக இருக்கும். முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

யாருகிட்ட புகார் குடுக்குறது? போனா மதிக்க மாட்டேங்கிறாங்க.

முதலில் தலைமை ஆசிரியர். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கு என்றே தனி மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், மெட்ரிக் பள்ளிப் புகாரை அவரிடம் கொடுங்கள். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். எங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண்ணும் உண்டு.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பிள்ளை பெயர், வகுப்பு, எமிஸ் எண், எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுத வராது என்றால் இ-சேவை மையத்திலோ தெரிந்த பிள்ளைகளிடமோ சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

பையன் நடுவுல ரெண்டு வருசம் படிக்கல சார், புரோட்டாக் கடையில நின்னான். இப்ப ஆகஸ்ட் ஆயிருச்சு. வயசும் பதிமூணு. யாரு சேப்பா?

பக்கத்து அரசுப் பள்ளி சேர்க்கும். கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை எந்த மாதமும் சேர்க்கலாம் என்கிறது. அதோடு, விட்ட வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைக்காமல் அவன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பதின்மூன்று என்றால் எட்டாவது. விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். டி.சி. இல்லை, ஆதாரில் முகவரி மாறியிருக்கிறது என்று எதையும் காரணமாகச் சொல்ல முடியாது.

கடையில் நின்ற காலத்தைப் பற்றி அவனிடம் யாரும் வகுப்பில் வைத்துக் கேட்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீருடை இல்லாவிட்டாலும் இருக்கும் நல்ல சட்டையைப் போட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கே அழைத்துப் போங்கள். பிரேயர் முடிந்ததும் தலைமை ஆசிரியர் அறையில் இருப்பார்.